நக்கிள்ஸ் மலைக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு: நடை, கூடாரம், ஆற்றுக் குளிப்பு

நக்கிள்ஸுக்குப் போவதென்று முடிவெடுத்தால் முதலில் பார்க்க வேண்டியது கலண்டர். பையும் சப்பாத்தும் பிறகு. இந்த மலைத்தொடர் இலங்கைக்கு வரும் இரண்டு பருவக்காற்றுக்கும் குறுக்கே நிற்கிறது. அதனால் ஒரு பக்கம் காய்ந்து கிடக்கும்போது மறுபக்கம் கொட்டிக்கொண்டிருக்கும். ரிவர்ஸ்டன் கணவாயில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஜூலையில் ரத்தோட்டைப் பக்கமிருந்து ஏறினால் முன்னால் போகும் வாகனம் தெரியாத அளவுக்குப் புகார் மூடியிருக்கும். கணவாயைத் தாண்டி இலுக்கும்புரப் பக்கம் சில கிலோமீட்டர் இறங்கியதும் வெயில் சுடும்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவை நனைக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி நடுப்பகுதி வரை வடகீழ்ப் பருவக்காற்று கிழக்குச் சரிவை, அதாவது மீமுரே, இலுக்கும்புர, லக்கல பக்கத்தை நனைக்கும். இடையில் வரும் மார்ச் பின்பாதி, ஏப்ரலும் ஒக்டோபர், நவம்பரும் ஏமாற்றுகிற மாதங்கள். காலையில் வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும், பின்னேரம் இரண்டு மணிக்கு இடி இடிக்கும். முதல் பயணத்துக்குக் கிழக்குப் பக்கமும் ஜூன் முதல் செப்டெம்பர் வரையான மாதங்களும்தான் பொருத்தம். ஆறு இறங்கித் தெளிந்து ஓடும், அட்டை குறைவு, பாதை வழுக்காது. ஆனால் அந்த மாதங்களில் மலைமுகட்டில் காற்று ஆளைத் தள்ளும், ஆகவே கூடாரத்தைத் தாழ்ந்த இடத்தில்தான் போட வேண்டும். பெப்ரவரிக் கடைசியும் மார்ச் முதல் இரண்டு வாரமும் இரண்டாவது நல்ல காலம்.

எந்தப் பக்கத்தால் போவது

கண்டிப் பக்கமிருந்து போகிறவர்கள் மஹியங்கனை வீதியில் தெல்தெனியவைத் தாண்டி ஹுன்னஸ்கிரியவில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். லூலுவத்தை, டீன்ஸ்டன், கோர்பட்ஸ் கணவாய் வழியாக மீமுரேக்கு அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர். தூரத்தைப் பார்த்து நேரத்தைக் கணக்கிடாதீர்கள்: வளைவும் ஒடுங்கிய வீதியுமாக இரண்டு மணித்தியாலம் எடுக்கும். தாழ்ந்த காரை ஹுன்னஸ்கிரியவிலேயே விட்டுவிட்டு, ஊர்க்காரரின் வானையோ ஆட்டோவையோ பிடிப்பதுதான் புத்தி.

மாத்தளைப் பக்கமிருந்து ரத்தோட்டை, ரிவர்ஸ்டன் வழியாக இலுக்கும்புரவுக்குப் போகும் வழி புதியவர்களுக்கு இலகு. பிட்டவல பத்தனை (பத்தனை என்றால் மலைப் புல்வெளி), அதன் விளிம்பில் இருக்கும் 'சின்ன உலக முடிவு', தெல்கமு ஓயா, இன்னும் கீழே சேர எல்ல நீர்வீழ்ச்சி எல்லாமே வீதியிலிருந்து எட்டும் தூரத்தில் இருக்கின்றன. குழந்தைகளோடு போகிறவர்களும் மலை ஏறிப் பழக்கமில்லாதவர்களும் இந்தப் பக்கத்தையே எடுங்கள். மீமுரேயிலிருந்து முக்கோணமாகத் தெரியும் லக்கேகல பாறையைப் படத்தில் பார்த்துவிட்டு ஏறப் புறப்படுகிறவர்கள் உண்டு. அது செங்குத்துப் பாறை. முதல் பயணத்தில் அதைக் கீழே நின்று பார்த்தால் போதும்.

அனுமதி

நக்கிள்ஸ் 2000ஆம் ஆண்டு பாதுகாப்பு வனமாக அறிவிக்கப்பட்டது. 2010இல் ஹோர்ட்டன் சமவெளியோடும் சிவனொளிபாத மலைக் காட்டோடும் சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. இதைப் பார்த்துக்கொள்வது வனப் பாதுகாப்புத் திணைக்களம், வனஜீவராசிகள் திணைக்களம் அல்ல. ஹோர்ட்டன் சமவெளிக்குப் போன பழக்கத்தில் தவறான அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து ஒரு நாளை வீணாக்குகிறவர்கள் நிறையப் பேர்.

சின்ன நடைகளுக்கு டீன்ஸ்டன், இலுக்கும்புர நிலையங்களில் அன்றைக்கே நுழைவுச்சீட்டு எடுக்கலாம். இரவு தங்குவதற்கும் காட்டுக்குள் நீண்ட பாதைகளில் போவதற்கும் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள், வழிகாட்டி ஒருவரையும் ஒழுங்குபண்ணுங்கள். அனுமதி கேட்கும்போது மூன்று விஷயங்களைத் தெளிவாகச் சொல்லுங்கள்: எத்தனை பேர், எந்தப் பாதை, எந்த இடத்தில் எத்தனை இரவு. 'நக்கிள்ஸில் காம்ப் பண்ணப் போகிறோம்' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். ஊர்க்காரர் தன் காணியில் கூடாரம் போட விடுகிறார் என்றால் அது வேறு ஒழுங்கு. அந்தக் காணி வனத்தின் எல்லைக்கு வெளியே இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் இரவுக்கு எங்கள் சிபாரிசும் அதுதான்: கழிவறை இருக்கும், சொல்லிவைத்தால் சோறு கறி கிடைக்கும், மழை மிஞ்சினால் கூரைக்குள் ஓடலாம்.

புறப்படுவதற்கு முதல்நாள் மாலை தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். அது பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வரும். நீங்கள் தேட வேண்டிய பெயர்கள் உடதும்பர, ரத்தோட்டை, லக்கல பல்லேகம. மஞ்சள் என்றால் வழிகாட்டியோடு பேசிவிட்டு முடிவெடுக்கலாம். செம்மஞ்சளோ சிவப்போ என்றால் போகாதீர்கள். 2025 நவம்பர்க் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டில் பெரும் மண்சரிவுகளை ஏற்படுத்தியது. அதற்கு முந்திய பயணக் குறிப்புகளை நம்பி வீதியையும் பாதையையும் கணக்குப் போடாமல், இப்போது எப்படி இருக்கிறது என்று ஊரில் உள்ள ஒருவரிடம் கேளுங்கள்.

பைக்குள் என்ன

ஒரு இரவுக்கு ஆளுக்கு 8 முதல் 10 கிலோவுக்கு மேல் பாரம் வேண்டாம். அடிப்பக்கம் பல்லுப்பல்லாக இருக்கும், கணுக்காலைப் பிடிக்கும் சப்பாத்து ஒன்று. புதுச் சப்பாத்தை மலையில் பழக்கக் கூடாது, இரண்டு வாரமாவது வீட்டைச் சுற்றிப் போட்டு நடந்திருக்க வேண்டும். ஊர்க்காரர் செருப்போடு ஏறுவதைப் பார்த்து நீங்களும் செருப்போடு ஏற நினைக்காதீர்கள், அவர் கால் வேறு, உங்கள் கால் வேறு. ஆற்றுக்குள் போட ஒரு சோடி பழைய ரப்பர் சப்பாத்து தனியாக இருக்கட்டும். டெனிம் காற்சட்டை நனைந்தால் காயாது, பாரமும் கூடும். விரைவில் காயும் நீளக் காற்சட்டைதான் சரி.

இரவில் உயரமான இடங்களில் 15 பாகைக்கும் கீழே குளிரலாம். உடுத்திருப்பது தவிர ஒரு முழு உடுப்பு, ஒரு சுவெட்டர், ஒரு சோடி காலுறை ஆகியவற்றைத் தடித்த பொலித்தீனில் கட்டிப் பையின் நடுவில் வையுங்கள். பைக்கு வெளியே போடும் மழையுறையை மட்டும் நம்ப முடியாது, முதுகுப்பக்கத்தால் தண்ணீர் இறங்கும். தலையில் மாட்டும் டோர்ச் ஆளுக்கு ஒன்று, மேலதிக பற்றரியோடு. தொலைபேசி வெளிச்சத்தில் இறங்கலாம் என்று நினைத்தால் சார்ஜும் போகும், கையும் போகும்.

தண்ணீர் ஆளுக்கு 3 லீற்றர். ஓடையில் எடுத்தால் நன்றாகக் கொதித்த பிறகு ஒரு நிமிடம் கொதிக்கவிடுங்கள், அல்லது குளோரின் வில்லை போட்டு 30 நிமிடம் காத்திருங்கள். கலங்கிய தண்ணீரில் வில்லை சரியாக வேலை செய்யாது, முதலில் துணியால் வடிக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு பக்கற் ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சத்துத் தூள்) வைத்திருங்கள். ஒரு பக்கற்றுக்கு ஒரு லீற்றர் தண்ணீர் என்ற அளவை மாற்றாதீர்கள், கெட்டியாகக் கரைத்தால் பலன் கூடாது, வயிறுதான் கெடும்.

சாப்பாட்டுக்குச் சமைக்கத் தேவையில்லாதவை நல்லது. தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்துப் பிடித்த சமபோஷ மா உருண்டை, பாண், கச்சான், வாழைப்பழம். தேநீருக்குச் சின்னக் காஸ் அடுப்பு போதும், 230 கிராம் குப்பி இரண்டு பேரின் ஒரு இரவுக்குத் தாராளம். ரின்மீனைத் திறந்துவைத்தால் அந்த வாசனைக்குக் காட்டுப்பன்றி வரும்.

நடை

காலை ஆறரைக்குப் பாதையில் கால் வைத்துவிடுங்கள். பாரத்தோடு புதியவர்கள் மணிக்கு 2 கிலோமீட்டர் போவார்கள் என்று கணக்கிடுங்கள், செங்குத்தான இடத்தில் அதுவும் குறையும். இந்த நாட்டில் எந்த மாதத்திலும் மாலை ஆறரைக்கு மேல் வெளிச்சத்தை எதிர்பார்க்க முடியாது. மரக்கூடலுக்குக் கீழே ஐந்தேகாலுக்கே பாதை மங்கிவிடும். ஆகவே திரும்பும் நேரத்தைப் புறப்படும்போதே முடிவுசெய்யுங்கள். பன்னிரண்டரை என்று வைத்தால், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் பன்னிரண்டரைக்குத் திரும்ப வேண்டும். இரவில் தவறிப்போகிற கூட்டம் பெரும்பாலும் இன்னும் அரை மணித்தியாலம்தானே என்று ஏறிய கூட்டம்.

வழி தவறுவதற்கு இங்கே தனிக் காரணம் ஒன்று இருக்கிறது. இந்தக் காட்டின் பெரிய மரங்களுக்குக் கீழே நீண்ட காலம் ஏலம் பயிரிட்டார்கள். அந்தக் காலத்து ஒற்றையடிப் பாதைகள் இன்னும் கிடக்கின்றன. சில இடத்தில் அவை சரியான பாதையைவிட அகலமாகத் தெரியும். நடந்து போனால் ஏலம் காயவைத்த இடிந்த கட்டடம் ஒன்றில் முடியும், அல்லது ஏலச்செடிகளுக்குள் மெல்ல மறைந்துவிடும். பத்து நிமிடமாகக் காலடித் தடமோ வெட்டிய கிளையோ கண்ணில் படவில்லையென்றால் நில்லுங்கள், கடைசியாகச் சரியென்று தெரிந்த இடத்துக்குத் திரும்பி வாருங்கள். குறுக்கே இறங்கினால் ஆறு வரும், ஆற்றோடு போனால் ஊர் வரும் என்ற யோசனை இந்த மலையில் ஆளைக் கொல்லும். ஆறு பாறை விளிம்பில் விழுந்து அருவியாகிவிடும்.

வலையமைப்பு பல இடத்தில் கிடைக்காது. வரைபடத்தை வீட்டிலேயே தொலைபேசியில் இறக்கி வையுங்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குள் அழைப்பீர்கள், அழைக்காவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119.

இடி கேட்டால் முகட்டிலும் பத்தனை வெளியிலும் நிற்காதீர்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 வினாடிக்குக் குறைவென்றால் அது உங்களை எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. தனி மரத்துக்குக் கீழேயும் பாறைக் குடைவின் வாயிலும் ஒதுங்காமல், சரிவில் இறங்கி அடர்ந்த காட்டுக்குள் போங்கள்.

அட்டை

மழை பெய்து ஓய்ந்த ஒரு மணித்தியாலத்தில் இலைச்சருகைக் கவனித்தால், நூல்போல் மெலிந்த ஒன்று வாலை ஊன்றி எழுந்து நின்று தலையை இப்படியும் அப்படியும் ஆட்டும். உங்கள் சூட்டையும் அசைவையும் அது தேடுகிறது. ஆகவே அப்படியான இடத்தில் நின்று இளைப்பாறக் கூடாது. வெட்டவெளிப் பாறையில்தான் உட்கார வேண்டும்.

முழங்கால் வரை வரும், நெருக்கமாக நெய்த அட்டைக் காலுறை இருந்தால் பாதிப் பிரச்சினை முடிந்தது. காற்சட்டையை அதற்குள் விட்டுக் கட்டி, வெளிப்பக்கத்தில் சவர்க்காரக் கட்டியை உலர்வாகத் தேயுங்கள். சித்தாலேப களிம்பு பூசுகிறவர்களும் உண்டு. எதைப் பூசினாலும் ஓடையைக் கடந்ததும் கழுவுப்பட்டுவிடும், மறுபடி பூச வேண்டும். குளிக்கப் போகிறீர்கள் என்றால் தோலில் பூசாதீர்கள், அது ஆற்றில்தான் கரையும்.

கடித்துவிட்டால் இழுக்காதீர்கள். மெலிந்த நுனிதான் வாய். அந்த நுனிக்குப் பக்கத்தில் நகத்தை வைத்துத் தோலோடு ஒட்டித் தள்ளினால் பிடி விடும். உடனே தடித்த நுனியையும் அப்படியே தள்ளிச் சுண்டிவிடுங்கள். உப்புப் போடுவதும் நெருப்பால் சுடுவதும் பழைய வழக்கம். அப்படிச் செய்தால் அது வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள்ளேயே கக்கக்கூடும். இரத்தம் உறையாமல் இருக்க அட்டை ஒரு பொருளைச் செலுத்திவிடுவதால் வெகுநேரம் கசியும். பயப்படாமல் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்து, கழுவி, பிளாஸ்டர் ஒட்டுங்கள். ஆற்றில் இறங்குமுன் இந்தக் காயங்களை மூடியாக வேண்டும். காரணம் கடைசியில் வரும்.

கூடாரம்

மாலை நாலு மணிக்குள் இடம் பிடியுங்கள். ஆற்றிலிருந்து 60 மீற்றராவது தள்ளியிருக்க வேண்டும், உயரத்திலும் நன்றாக மேலே இருக்க வேண்டும். வெள்ளம் எதுவரை வந்தது என்பதை ஆற்றோர மரங்களே சொல்லும்: கிளைகளில் சிக்கிய வைக்கோல், காய்ந்த இலை, பொலித்தீன் துண்டு. அந்த மட்டத்துக்குக் கீழே கூடாரம் போடவே கூடாது, எவ்வளவு அழகான மணல்திட்டாக இருந்தாலும் சரி. பிறகு தலையை நிமிர்த்திப் பாருங்கள். மேலே காய்ந்த கொப்பு தொங்கினால் வேறு இடம்.

1. கல்லையும் சுள்ளியையும் பொறுக்கி, நிலவிரிப்பைப் போடுங்கள். விரிப்பு கூடாரத்தின் அடியைவிட ஒரு சாண் சிறியதாக மடிந்திருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரை ஏந்தி நீங்கள் படுக்கும் இடத்துக்குக் கொண்டுவரும்.

2. வாசல் காற்று வரும் பக்கத்தைப் பாராமல் அதற்கு மறுபக்கமும், தலைமாடு சரிவின் மேற்பக்கமும் இருக்கட்டும்.

3. ஆணியை நிலத்துக்குச் சாய்வாக அடியுங்கள். ஆணியின் தலை கூடாரத்துக்கு எதிர்த்திசையில் சாய்ந்திருக்க வேண்டும். நேராக அடித்த ஆணி முதல் காற்றிலேயே உருவிக்கொண்டு வரும்.

4. பத்தனை நிலத்தில் புல்லுக்குக் கீழே மண் விரலளவுதான், அதற்குக் கீழே பாறை. அங்கே ஆணி நிற்காது. கயிற்றை ஐந்து கிலோக் கல்லில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டி, அதன் முன்னால் இன்னொரு பெரிய கல்லை அணைத்து வையுங்கள்.

5. மேல்விரிப்பு உள்ளறையைத் தொடாதபடி இழுத்துக் கட்டுங்கள். தொட்டால் மூச்சின் ஈரம் படிந்து விடியும்போது தலையணை நனைந்திருக்கும். அதை மழை ஒழுகியதென்று நினைத்துக் கூடாரத்தைத் திட்டுகிறவர்களே அதிகம்.

கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டாதீர்கள், அடுத்த மழையில் அந்த வெட்டோடு மண் போய்விடும். வனத்துக்குள் நெருப்பு மூட்டத் தடை. காய்ந்த மாதங்களில் பத்தனையில் ஒரு பொறி போதும். காஸ் அடுப்பையும் கூடாரத்துக்குள் எரிக்காதீர்கள், அதிலிருந்து வரும் நச்சுவாயு மணக்காது. மலங்கழிக்க நீர்நிலையிலிருந்து எண்பது எட்டு வைக்கும் தூரம் தள்ளி ஒரு சாண் ஆழக் குழி தோண்டி மூடுங்கள். ஈரக்கடதாசியைப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள். சப்பாத்தை உள்ளே வையுங்கள், விடிந்ததும் உதறிவிட்டே போடுங்கள்.

ஆற்றில் இறங்குதல்

நீந்தத் தெரிந்தவர்களும் இங்கே மூழ்கிப்போவதற்குக் காரணம், குளத்திலும் கடலிலும் பழகிய நீச்சல் பாறை ஆற்றுக்கு உதவாததுதான். தெல்கமு ஓயாவிலும் மீமுரேயின் ஹீன் கங்கையிலும் மேலே கண்ணாடிபோல் தெரியும் நீருக்குக் கீழே சுழல்நீர் குடைந்த குடக்குழிகள் இருக்கும். முழங்கால் அளவிலிருந்து ஒரு எட்டில் தலைக்கு மேலே போகும். பாறையின் அடியைத் தண்ணீர் அரித்திருந்தால் அது ஆளை உள்ளே இழுத்துப் பாறைக்குக் கீழே வைத்துக்கொள்ளும்.

முதலில் ஊர்க்காரரிடம் கேளுங்கள், எங்கே குளிக்கலாம் என்று மட்டுமல்ல, எங்கே ஆள் மூழ்கிப்போயிருக்கிறது என்றும். பிறகு குளிக்கும் இடத்திலிருந்து நூறு மீற்றர் கீழே நடந்து பாருங்கள். அங்கே அருவியோ, குறுக்கே விழுந்த மரமோ, ஒடுங்கிய பாறை வாயோ இருந்தால் வேறு இடம் தேடுங்கள். இறங்கும்போது நீளத் தடியால் அடியைத் தொட்டுத் தொட்டு, பாசிப்பாறையில் உட்கார்ந்தபடி சறுக்கி இறங்குங்கள். குதிக்கவே கூடாது. வெயிலில் நடந்து வந்த சூட்டோடு குளிர்ந்த நீரில் விழுந்தால் மூச்சு தானாக உள்ளிழுக்கும், அப்போது தலை நீருக்குள் இருந்தால் முதல் மிடறே நுரையீரலுக்குப் போகும். முகத்தையும் கழுத்தையும் நனைத்து, இரண்டு நிமிடம் இடுப்பளவில் நின்றபின் குளியுங்கள். சாராயமோ பியரோ குடித்தவரை அன்றைக்கு ஆற்றில் விடாதீர்கள்.

ஒருவர் எப்போதும் கரையில் உடுப்போடு நின்று மேற்புறத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மலைச்சரிவு செங்குத்து, மண் மெல்லியது. நீங்கள் வெயிலில் குளித்துக்கொண்டிருக்க, முகட்டில் பெய்த மழை ஒரு மணித்தியாலத்துக்குள் வந்துவிடும். அடையாளங்கள் இவை: தெளிந்த நீர் தேநீர் நிறத்துக்கு மாறும், இலையும் சுள்ளியும் திரளாக மிதந்து வரும், இரைச்சல் கூடும், கொஞ்ச நேரத்துக்கு முன் காய்ந்திருந்த கல் நனைந்திருக்கும். இதில் ஒன்றைக் கண்டால் போதும், உடுப்பையும் செருப்பையும் விட்டுவிட்டு ஏறுங்கள், நீங்கள் நிற்கும் கரைப்பக்கமாகவே. பைகளை எடுக்க மறுகரைக்குக் கடக்காதீர்கள்.

பயணம் முழுவதும் 15 மீற்றர்க் கயிறும், மூடி இறுகிய வெறும் 5 லீற்றர்க் கானும் கூடவே இருக்கட்டும். யாராவது இழுபட்டால் அவர் பின்னால் குதிக்காமல், கானைக் கயிற்றில் கட்டி வீசுங்கள். இழுபடுகிறவர் மல்லாந்து, கால்களை முன்னால் நீட்டி மிதக்க வேண்டும். வேகமான நீரில் எழுந்து நிற்க முயன்றால் கால் கற்களுக்கிடையில் சிக்கும், மீதியை ஆறு செய்துவிடும். நடைவழியில் ஓடையைக் கடக்கும்போதும் முழங்காலுக்கு மேல் ஓட்டம் இருந்தால் கடக்காதீர்கள். கடப்பதானால் பையின் இடுப்புப் பட்டியைக் கழற்றிவிடுங்கள்.

சேர எல்லவில் நீர்த்திரைக்குப் பின்னால் நிற்க இடமுண்டு. நீர் குறைந்த நாளில் போங்கள். மழைக்குப் பிந்திய நாளில் மேலேயிருந்து கல்லும் கட்டையும் சேர்ந்தே விழும். எந்த அருவியின் தலைப்பிலும் குளிக்க வேண்டாம்.

பாம்பு, காய்ச்சல்

இலைச்சருகின் நிறத்திலேயே, மூக்கு மேல்நோக்கி நிமிர்ந்த சின்ன விரியன் ஒன்று இந்தக் காடுகளில் உண்டு. சிங்களத்தில் பொலொன் தெலிஸ்ஸா என்பார்கள். ஓடாது, அசையாமல் கிடக்கும். விறகு, கல், காய்ந்த இலைக்குள் கையை விடுகிறவர்களையே பெரும்பாலும் கடிக்கும். கடித்தால் கட்டுப்போடுவதும் கீறுவதும் வேண்டாம். மோதிரத்தையும் மணிக்கூட்டையும் கழற்றி, அந்தக் கையையோ காலையோ அசைக்காமல் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இங்கே பாவிக்கும் விஷமுறிவு மருந்து இந்தப் பாம்பின் விஷத்துக்கு வேலை செய்யாது என்றாலும், சிறுநீரகம் பாதிக்கப்படலாம் என்பதால் வைத்தியக் கண்காணிப்பு கட்டாயம். மீமுரேப் பக்கமிருந்து போகிறவர்களுக்குத் தெல்தெனிய ஆஸ்பத்திரி வழியில் வரும்.

வீட்டுக்கு வந்தபின் இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், தசைநோவு (முக்கியமாகக் கெண்டைக்காலில்), கண் சிவத்தல் வந்தால் பெனடோல் போட்டுப் படுத்துவிடாதீர்கள். வயல்வெளியைத் தொட்டு ஓடும் ஆற்றுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், அது அட்டை கடித்த சின்னக் காயத்தாலேயே உள்ளே போய்விடும். வைத்தியரிடம் போனதும் எந்தத் திகதியில், எந்த ஆற்றில் குளித்தீர்கள் என்பதை அவர் கேட்குமுன்னரே சொல்லுங்கள்.